நான்கு இன்ஜெக்டர்களும் உன் அம்மாவும்

பவானி, கண்ணு,

சூளூர்பேட்டைக் கல்யாண வீட்டில் இந்நேரம் உன் சிநேகிதிக்குப் பூ வைத்துக்கொண்டிருப்பாய், அல்லது பந்தியில் நின்று யாருக்காவது சாம்பார் ஊற்றிக்கொண்டிருப்பாய். இந்தக் கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பப் போகிறேன். போனிலேயே பேசியிருக்கலாமே நைனா என்று கேட்பாய். பேசினால் நான் வாய் திறந்ததுமே மறித்துவிடுவாய். நீ தெலுங்கு மீடியத்தில் படித்தவள். தமிழில் வாயாடுவாயே தவிர, படிப்பதென்றால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அது இன்றைக்கு எனக்கு நல்ல வசதி. நடுவில் புகுந்து சண்டை போட உன்னால் முடியாது. கை வேலையை முடித்துவிட்டு, சந்தடி இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, மெதுவாகப் படி.

நீ கிளம்பிய அன்று வாசலில் நின்று போனில் பேசியது உள்ளே கட்டிலில் படுத்திருந்த என் காதில் விழுந்தது. வெளியூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். போன வருஷமே தரம் பார்க்கும் பிரிவில் வேலை தருகிறோம் என்றார்கள், நீ வேண்டாம் என்றாய். இப்போதும் அதையேதான் சொன்னாய். "மா நைனாக்கி இக்கட எவரூ லேரண்டி" என்றாய். எங்கள் அப்பாவுக்கு இங்கே யாரும் இல்லை என்று நீ சொன்னபோது, உனக்கு அம்மா என்று ஒருத்தி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் அதைக் கேட்டாள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பார், அதன் அர்த்தத்தை உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசிய அந்தத் தொழிற்சாலை அம்மாள் திங்கட்கிழமைவரை யோசித்துச் சொல்லும்படி சொல்லியிருக்கிறாள். அதற்குள் நீ இதைப் படித்து முடித்தாக வேண்டும்.

நீ சொன்னதில் தப்பில்லை. சர்க்கரை என் சிறுநீரகத்தைத் தின்று, கண்ணையும் மங்கலாக்கியபிறகு என் கையிலிருந்த ஸ்டீரிங்கை நீதான் வாங்கிக்கொண்டாய். சித்தூரில் டயாலிசிஸுக்கு இடம் கிடைக்காமல் திருப்பதியில் கிடைத்தது. வாரத்துக்கு இரண்டு நாள் விடியற்காலையில் என்னை ஏற்றிக்கொண்டு போய், ஊசி குத்திக்கொள்ளப் படுக்கவைத்து, மறுபடி ஏற்றிக்கொண்டு வருவாய். உன் கார் சர்வீஸ் சென்டர் வேலையைக்கூட அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டாய். அப்போதெல்லாம் உன் அம்மா எங்கே உட்காருவாள் என்று உனக்கு நினைவிருக்கும். பின் சீட்டில், கதவை ஒட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு. முன் சீட்டுக்கு வா என்றால், "அங்கதான் நெருப்பு கீது, நான் வரல" என்பாள். பானெட்டுக்குள் பெட்ரோல் கொளுந்துவிட்டு எரிந்துகொண்டிருக்கிறது, தகரம் ஒன்றுதான் நமக்கும் அதற்கும் நடுவில் என்று அவள் நம்பினாள். நீயும் நானும் எத்தனையோ தடவை எடுத்துச் சொன்னோம். நம்மை அவள் நம்பவில்லை.

அப்புறம் ஒருநாள் திருப்பதியிலிருந்து திரும்பும்போது, சந்திரகிரி தாண்டியதும் வண்டி குலுங்க ஆரம்பித்தது. மேடு வந்தால் மூச்சுத் திணறியது. சிக்னலில் நின்றால் ஸ்டீரிங் நடுங்கியது. "நைனா, வண்டி இருமுது" என்றாய். மெதுவாக ஓட்டி வீடு வந்து சேர்ந்தோம். நம் தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, பழைய வண்டி, இன்ஜின் முடிந்துவிட்டது, இரும்புக் கடைக்குப் போடுங்கள் என்றான். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. உடம்பு தேய்ந்துபோனவனுக்கு எல்லாமே தேய்ந்துபோனதாகத்தான் தோன்றும். நீ ஒப்புக்கொள்ளவில்லை. பிளக் மாற்றினாய், ஏர் ஃபில்டர் மாற்றினாய், குலுங்கல் நிற்கவில்லை. கடைசியில் வண்டியை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை உள்ளே எதன்மேலோ வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு குனிந்து நின்றாய். ஒவ்வொன்றாக நகர்த்தி நகர்த்திக் கேட்டாய். பிறகு நிமிர்ந்து, முகமெல்லாம் வெளிச்சமாக, "நைனா, மூணு டிக்கு டிக்குன்னு பேசுது. ஒண்ணு பேச மாட்டேங்குது. இன்ஜின் முடியல. இன்ஜெக்டர் அடைச்சிக்கினு கீது" என்றாய். ஒரு உயிர் போய்விட்டது என்று ஊரே சொல்லும்போது நாடி பிடித்துப் பார்த்து இல்லை என்று சொல்கிற முகம் அது. என் வீட்டில் பிறந்து வளர்ந்தவளை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல இருந்தது.

திருப்பதியில் சுப்பராயுடு என்பவரிடம் இன்ஜெக்டர் கழுவும் மிஷின் இருக்கிறது என்று விசாரித்து வைத்தாய். வண்டியை அவ்வளவு தூரம் ஓட்டிப் போக முடியாது, கழற்றி எடுத்து வந்தால் கழுவித் தருவதாக அவர் போனில் சொன்னார். மறுநாள் காலை நம் வீட்டு வாசலிலேயே நீ பானெட்டைத் திறந்தாய். பெட்ரோல் பம்புக்குப் போகும் ஃபியூஸை முதலில் பிடுங்கி, வண்டியைத் தானாக அணையும்வரை ஓடவிட்டாய், குழாயில் இருக்கும் அழுத்தம் இறங்க வேண்டும் என்று. பேட்டரி ஒயரைக் கழற்றினாய். சூடு ஆறக் காத்திருந்தாய். ஊசி குத்தும் கையால் நான் கனமாக எதையும் பிடிக்கக்கூடாது என்பதால், தட்டு பிடிக்க அம்மாவைக் கூப்பிட்டாய். அவள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் தட்டும் மறு கையில் சாமி கும்பிடும் பாவனையுமாக வந்து நின்றாள். நான்கையும் சேர்த்துப் பிடித்திருக்கும் அந்தக் குழாயை நீ அசைத்து அசைத்துத் தூக்கியபோது, 'பொளக்' என்று நான்கும் ஒன்றாக வெளியே வந்தன. திறந்த ஓட்டைகளில் தூசி விழாமல் துணி வைத்து அடைத்தாய். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி அவள் தட்டில் வைத்தாய்.

அவள் ஒன்றை விரலால் தொட்டாள். "இன்னாடி இது, என் சுண்டு வெரலு ஒசரம்தான் கீது. இதுவா வண்டிய ஓட்டுது?"

"இது ஓட்டறதில்ல மா. இது ஊதும். பெட்ரோல பனி மாதிரி ஊதும். அவ்ளோதான் இதோட வேல."

"பனி மாதிரியா?" என்று அவள் கேட்ட விதம் எனக்கு நினைவிருக்கிறது. நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அவள் தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் பழைய வேட்டித் துணியில் நான்கையும் சுற்றி, உன் பள்ளிக்கூடத்து டிபன் பாக்ஸில் அவள்தான் வைத்து மூடினாள்.

அடுத்த நாள் எனக்கு டயாலிசிஸ். வண்டி இல்லை. மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். டிபன் பாக்ஸ் அம்மாவின் மடியில். என்னைப் படுக்கவைத்து, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நீ சுப்பராயுடுவைத் தேடிப் போனாய். சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாய். ஆகிவிட்டதா என்றால், "இல்ல நைனா. நீங்க ரெண்டு பேரும் வர்ற வரைக்கும் மிஷின்ல போடாதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன். நீ பாக்கணும்" என்றாய். வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டுமென்றுதான் உன் வயதில் எல்லோரும் நினைப்பார்கள். நல்ல ஒன்றைத் தனியாகப் பார்க்கக்கூடாது என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எப்போதும் அப்படியே இரு.

சிகிச்சை முடிந்ததும் எனக்குக் கால் துவளும். அன்றைக்கும் துவண்டது. ஆனாலும் ஆட்டோவில் ஏறினேன். ஒற்றை ஷட்டர் கடை. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நிற்கும் ஒரு மிஷின். சுப்பராயுடு நம் நான்கையும் அதன் தலையில் மாட்டி, "சூடண்டி, முதல்ல அழுக்கோடவே பாருங்க" என்று ஸ்விட்சைப் போட்டார். ஒன்று ஒழுங்காகத் தூவியது. ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து பீய்ச்சியது. இன்னொன்று பாதி தூவி பாதி ஒழுகியது. நான்காவது, பேசாத அந்த ஒன்று, ஒழுகும் மூக்குபோல ஒரு சொட்டு, அப்புறம் யோசித்து இன்னொரு சொட்டு விட்டது. கண்ணாடிக் குழாய்களில் நான்கும் நான்கு உயரத்தில் நின்றன. "இதோட எப்டிம்மா ஓட்டிக்கினு வந்தீங்க?" என்று அவர் உன்னைக் கேட்டார். ஓடாத ஒன்றின் சுமையையும் மற்ற மூன்றும் இழுத்து வந்திருக்கின்றன.

பிறகு அவற்றை ஒரு தொட்டியில் நிறுத்தினார். ஏதோ திரவம். மிஷினைப் போட்டதும் வண்டு முரலுவதுபோல ஒரு சத்தம். கையால் தேய்க்கவில்லை, பிரஷ் போடவில்லை. காதுக்கு எட்டாத சத்தம்தான் தேய்க்கிறது என்று நீ சொன்னாய். கொஞ்ச நேரத்தில் இன்ஜெக்டர்களின் முனையிலிருந்து புகைபோல அழுக்கு இறங்கியது. இத்தனை வருஷம் நாம் போட்ட பெட்ரோலின் கசடு. "போய் துன்னுட்டு வாங்க, டைம் ஆவும்" என்றார். அம்மா நகரவில்லை. அந்தக் கடை வாசலிலேயே தயிர் சாதப் பொட்டலத்தைப் பிரித்து எனக்குக் கொடுத்துவிட்டு, தான் சாப்பிடாமல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் நடந்ததை எழுத என் தமிழ் போதுமா என்று தெரியவில்லை. சுத்தம் செய்த நான்குக்கும் உள்ளே புது வடிகட்டியும் வெளியே புது ரப்பர் வளையமும் போட்டு, மறுபடி மிஷினில் மாட்டி, சுப்பராயுடு ஸ்விட்சைப் போட்டார். நான்கு முனைகளிலிருந்தும் நான்கு கூம்புகள் இறங்கின. தண்ணீர் என்று சொல்ல முடியாது, புகை என்றும் சொல்ல முடியாது. மார்கழியில் நாம் வாயைத் திறந்து ஊதினால் வருமே, அது. பிறகு அவர் கடை விளக்கை அணைத்து, மிஷினில் இருந்த ஒரு சின்ன விளக்கைப் போட்டார். அது விட்டு விட்டு மின்னும் விளக்கு. திருகுபோல எதையோ திருப்பித் திருப்பிச் சரி செய்தார். திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது. தூவல் நிற்கவில்லை, சத்தம் வந்துகொண்டேதான் இருந்தது, ஆனால் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு துளியும் காற்றில் அப்படியே தொங்கியது. மங்கிய என் கண்ணுக்கே தெரிந்தது. மணல் மணலாக, ஒன்றையொன்று தொடாமல், எத்தனை என்று எண்ண முடியாமல், ஒரு துளிக்கூட்டம் விழாமல் நின்றது. நான் வாழ்நாளெல்லாம் மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் சல்லடை பார்த்தவன். கூழ் எவ்வளவு மெல்லிசாக இறங்க வேண்டும், கண் அடைத்தால் என்ன ஆகும் என்பதுதான் என் வேலையே. அந்தச் சல்லடைக் கண்ணெல்லாம் இதன் பக்கத்தில் கிணறு. நாம் திருப்பதிக்கும் சித்தூருக்கும் போய் வந்த ஒவ்வொரு முறையும், நீ பாட்டுப் போட்டு, நான் தூங்கி, அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நிமிஷமும், நம் காலுக்கு முன்னால் இப்படி ஒன்று ஓயாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. பார்க்காவிட்டாலும் நடந்தது. எனக்குக் கை கூப்பத் தோன்றியது. கூப்பவில்லை, நீ சிரிப்பாய் என்று.

அம்மாதான் முதலில் பேசினாள். "நெருப்பு எப்ப புடிக்கும்?"

"இது உள்ள போன அப்பால பிளக்கு ஒரு பொறி வைக்கும் தல்லி. அப்ப மட்டும்தான். ஒடனே ஆறிப்போவும். மறுபடி கொஞ்சம் ஊதும், மறுபடி பொறி" என்றார் சுப்பராயுடு.

"அப்ப உள்ள எரிஞ்சிக்கினே இல்லையா?"

"லேதம்மா. எவ்ளோ வேணுமோ அவ்ளோதான் வுடும். ஒரு சொட்டு ஜாஸ்தி வுடாது."

அவள் அந்தக் கண்ணாடிக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள். நான்கு குழாயிலும் திரவம் ஒரே மட்டத்தில் ஏறி நின்றது. "அளந்து அளந்து குட்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் மூக்கை மூடவில்லை. நீ கவனித்தாயா என்று தெரியவில்லை, நான் கவனித்தேன். பயந்தவர்களிடம் பயப்படாதே என்று சொல்லிப் பிரயோசனமில்லை, கண்ணு. எதைப் பார்த்துப் பயமோ அதைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட வேண்டும். நான் கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் வாயால் சொன்னதை நீ ஒரு டிபன் பாக்ஸில் வைத்துச் சொன்னாய்.

மறுநாள் காலையில் நீ திரும்ப மாட்டினாய். மாட்டி முடித்து, பேட்டரி ஒயரைப் பொருத்தி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பிப் பம்பை ஓடவிட்டு, "எங்கயாவது கசியுதா பாரு மா" என்றாய். அம்மா குனிந்தாள். அதே அம்மாதான். நான்கின் அடியிலும் விரலை விட்டுத் துழாவி, "இரு இரு, சாவிய ஆஃப் பண்ணு. இங்க ஈரமா கீது" என்று கத்தினாள். ஒரு ரப்பர் வளையம் உள்ளே போகும்போது மடிந்து கிழிந்திருந்தது. அதைக் கவனிக்காமல் நீ வண்டியைக் கிளப்பியிருந்தால், பெட்ரோல் சூடான இடத்தில் சொட்டியிருக்கும். நீ வெளிறிப் போனாய். அவள் வெளிறவில்லை. "வேற வளையம் வச்சிக்கினு கீறியா? எட்த்து போடு. அவசரப்படாத" என்றாள். இந்தத் தடவை வளையத்தில் லேசாக எண்ணெய் தடவி, நேராக அழுத்தி உட்காரவைத்தாய். அவள் மறுபடி விரல்விட்டுப் பார்த்து, விரலை முகர்ந்தும் பார்த்து, "இப்ப போடு" என்று உத்தரவு கொடுத்த பிறகுதான் நீ ஸ்டார்ட் செய்தாய். ஒரே தட்டில் பிடித்தது. இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு அமைதி. நீ அம்மாவின் கையைப் பிடித்து பானெட்டின்மேல் வைத்தாய். அவள் எடுக்கவே இல்லை.

இதுவரை உனக்குத் தெரிந்தது. இனிமேல் வருவது தெரியாதது.

அதற்கு அடுத்த டயாலிசிஸில் படுத்திருந்தபோது, என் ரத்தம் போய் வருகிற, கண்ணாடிபோலத் தெரியும் அந்தக் குப்பியை முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று நர்ஸம்மாவைக் கேட்டேன். முடியைவிட மெல்லிசான குழல்கள், ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அதன் சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள், அது வழியாகத்தான் கழிவு வெளியே போகிறது என்றாள். அவ்வளவு நாள் அந்தப் படுக்கையில் கூரையைப் பார்த்து என் தலையெழுத்தை நொந்துகொண்டு கிடந்தவன் நான். அன்றைக்கு அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். நேரம் போனது தெரியவில்லை. எவனோ எங்கேயோ உட்கார்ந்து, நான் பிழைத்திருக்க வேண்டும் என்று, ஒரு ஓட்டையை அவ்வளவு மெல்லிசாகப் போட்டிருக்கிறான். அதை உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டாள்.

"வண்டி ஓட்ட எனுக்கு கத்துக்குட்க சொன்னா, அந்த ஸ்கூல்ல சேத்துப்பாங்களா?"

நான் தமாஷ் என்று நினைத்தேன். அவள் சொன்னாள்: "பொண்ணு எத்தினி நாளு நமக்கு டிரைவரா கீறது? அந்த வேலைய வேணான்னு சொன்ன அன்னிக்கு அவ துன்னவே இல்ல. தட்ட அப்டியே வச்சிட்டா. நீ பாக்கல, கண்ணு தெரியல உனுக்கு. நான் பாத்தேன்."

நீ சர்வீஸ் சென்டருக்குப் போன காலைகளில் அவள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். கோயிலுக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னதெல்லாம் அதுதான். மாம்பழ சீசன் முடிந்து, நான் வேலை பார்த்த கூழ்த் தொழிற்சாலையின் முற்றம் காலியாகக் கிடந்தது. வாட்ச்மேன் எனக்குப் பழக்கம். உன் ட்யூட்டி ஞாயிறுகளில் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் நம் வண்டியை அங்கே ஓட்டிவந்து நிறுத்த, நான் பக்கத்தில் உட்கார, அவள் ஓட்டிப் பழகினாள். நான் கூழ் லாரிகளை எண்ணி அனுப்பிய இடத்தில், வெயிலில், அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். முதல் நாள் கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டியை அணைத்துவிட்டபோது, இறங்கி ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். "இதுக்கு பெட்ரோல் பத்தல. நான்தான் கம்மியா குட்த்தேன்" என்று சொல்லி மறுபடி சாவியைத் திருப்பினாள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டவளுக்கு வண்டி பேசுவது புரிந்துவிட்டது. லைசென்ஸ் தேர்வில் அவளோடு நின்ற பொடியன்களில் பாதிப்பேர் தேறவில்லை, அவள் தேறினாள். உன்னிடம் சொல்லிவிடலாம் என்றேன். "திருப்பதிக்கு ஒரு தபா ஓட்டிக்கினு போய் வராம சொன்னா, அது சும்மா வாய்ப் பேச்சு" என்றாள்.

நேற்று ஓட்டிவிட்டாள். நீ ஏற்பாடு செய்துவிட்டுப் போன டிரைவருக்கு முந்தின நாளே போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். விடியற்காலையில் குளித்து, வண்டிக்குக் கற்பூரம் காட்டி, பெரிய ரோட்டில் ஏறினாள். சந்திரகிரிக் கோட்டை மலை வெளுத்துக்கொண்டு வந்தபோது, எங்களை உரசுவதுபோல ஒரு சிமெண்ட் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நான் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் இடது பக்கம் ஒதுங்கி, "போ ராசா, உனுக்கு இன்னா அவசரமோ" என்று வழி விட்டாள். ஸ்டீரிங்கில் இருந்த கை இறுகவில்லை. அந்தக் கைகளை நான் எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன்? களை பறித்த கை, செங்கல் சுமந்த கை. உழ நிலம் இல்லாத வீட்டில் பிறந்தவள், அடுத்தவர் காட்டில் குனிந்தே வளர்ந்தவள், நிமிர்ந்து உட்கார்ந்து என்னைத் திருப்பதிக்குக் கொண்டுபோகிறாள். எனக்கு அந்த நேரத்தில் வியாதிக்காரன் என்ற நினைப்பே இல்லை. ஒரு பெரிய அதிசயத்தின் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தவன்போல இருந்தது.

திரும்பும்போதுதான் சோதனை. சிகிச்சை முடிந்து வரும் வழியில், ஒரு மேட்டில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிரஷர் இறங்கிவிட்டது. "முனியம்மா" என்று மட்டும் சொன்னேனாம். அவள் கத்தவில்லை. விளக்கைப் போட்டு, ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, என் சீட்டைப் பின்னால் சாய்த்து, காலைத் தூக்கி டாஷ்போர்டின்மேல் வைத்து, கதவைத் திறந்து காற்று வரவிட்டாள். நர்ஸம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், அதையும் எனக்குத் தெரியாமல் கேட்டு வைத்திருக்கிறாள். எனக்கு நினைவு திரும்பியபோது அவள் என் கன்னத்தைத் தட்டி, "கீறியா?" என்றாள். இருக்கிறேன் என்றேன். "அப்ப சரி, போலாம்." வண்டி மேட்டில் நிற்கிறது. பின்னால் பஸ் வருகிறது. ஒரு அடிகூடப் பின்னால் நழுவாமல், கிளட்சை விட்டு, பிரேக்கை விட்டு, எடுத்தாள். நான் ஓட்டிய காலத்தில் அந்த மேட்டில் நழுவாமல் எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்து அவள் அடுப்பு பற்றவைக்கும்போது நீ போன் செய்தாய். டிரைவர் ஒழுங்காக வந்தானா, வேகமாக ஓட்டினானா என்று கேட்டாய். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வந்தாங்க வந்தாங்க. நல்லாத்தான் ஓட்னாங்க. கொஞ்சம் வயசானவங்க. ஆனா நம்பிக்கையான ஆளு." போனை வைத்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

பவானி, நீ எங்களுக்காக இருந்தாய். அதற்கு நான் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாய், அதனால் சொல்லவில்லை. இன்னொருத்தருக்காக ஓரிடத்தில் நின்றுவிடுவது பெரிய காரியம்தான். நின்றது போதும் என்று அவர்களே வந்து சொல்லும்போது நகர்ந்துவிட வேண்டும், அதுவும் மரியாதைதான். அங்கே ஹாஸ்டல் இருக்கிறது, சாப்பாடு சுமாராக இருக்கும், பழகிக்கொள். உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல். முடிந்துவிட்டது, தூக்கிப் போடு என்று யாராவது எதைப் பற்றிச் சொன்னாலும், ஒருமுறை குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய். அது உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, உன்னிடம்தான் நான் கற்றேன்.

என் உடம்பு எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாது. அது உன் கணக்கில் சேர வேண்டாம். உன் அம்மா இதோ வாசலில் டயருக்குக் காற்று போதுமா என்று காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பவானிக்கு எழுதுகிறேன், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். "வண்டி எனுக்கு வேணும், தர மாட்டேன். அவ அங்க சம்பாரிச்சு வேற வாங்கிக்கட்டும்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

படித்து முடித்துவிட்டாயா? எனக்குப் பதில் போட வேண்டாம். திங்கட்கிழமை காலையில் அந்த அம்மாளைக் கூப்பிட்டு, வருகிறேன் என்று சொல்.

உன் நைனா